கிளிக்கு வாங்கிய காய்

எதையும் ஒழுங்காகச் செய்யாதவனால் குடும்பத்துக்குக் கேடு என்று பலரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். என் அனுபவம் வேறு. ஒழுங்கில்லாதவன் செய்கிற தவறு சிறியதாகத்தான் இருக்கும்; பாதி வழியிலேயே அவனுக்குச் சலித்துப்போய்விடும். எல்லாவற்றையும் யோசித்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் கண்டு, ஒரு குறையும் இல்லாமல் காரியம் செய்கிறவன் செய்கிற தவறுதான் கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் நடுக்கூடத்தில் வந்து நிற்கும்.

நான் இரண்டாவது வகையைச் சேர்ந்தவன். என் வேட்டிகள் ஒரே பக்கம் பார்த்து மடிக்கப்பட்டிருக்கும். குடை தனக்கென்று உள்ள ஆணியில்தான் தொங்கும். நாள் தவறாமல் டைரி எழுதுகிறேன். (என் மனைவி இதை எட்டிப் பார்த்துவிட்டு, "நாள் தவறினாலும் மறுநாள் சேத்து எழுதுறதையும் சொல்லுங்க" என்கிறாள். சொல்லிவிட்டேன்.) இந்த ஒழுங்குதான் என் கல்யாணத்தைக் கிட்டத்தட்டக் கெடுத்தது. கெடுக்காமல் விட்டதும் இதே ஒழுங்குதான் என்பது எனக்கே இன்னும் விளங்காத விஷயம்.

யுத்தத்துக்கு முந்தைய மதுரை அது. ரேஷன் என்ற வார்த்தை யாருக்கும் தெரியாத காலம். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த என் அப்பா என்னைப் படிக்க வைத்து மதுரைக்கு அனுப்பியிருந்தார். நான் ஒரு நூல் மண்டியில் கணக்கெழுதிக்கொண்டு, மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டு, தலைக்கு நடுவகிடு எடுத்துக்கொண்டு, கல்யாணத்துக்குத் தயாராக இருந்தேன்.

வடக்கு மாசி வீதியில் ஒரு வீட்டில் பெண் பார்த்தோம். பெண்ணின் அப்பா சங்கரமூர்த்தி, ரெவினியூ இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேசுவதற்கு முன் ஒரு முறை தொண்டையைச் செருமுவார். பெரும்பாலும் அதோடு நின்றுவிடுவார். அந்த வீட்டில் பேசுகிற பொறுப்பெல்லாம் அவருடைய தங்கை சொர்ணத்தம்மாளுடையது. இவர்கள் இருவருக்கும் அப்பா ஒருவர் இருந்தார். தொண்ணூறைத் தொட்டவர். எல்லோரும் பெரியவர் என்பார்கள். காது சுத்தமாகக் கேட்காது. கண் மட்டும் கழுகுக் கண். கூடத்தில் சாய்வு நாற்காலியில் படுத்தபடி வீட்டில் நடப்பதை எல்லாம் பார்த்து, தானாக ஓர் அர்த்தம் பண்ணிக்கொள்வார்.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கவலை. தான் கண்ணை மூடிய பிறகு மகன் தன் திவசத்தைச் சிக்கனமாகச் செய்துவிடுவானோ என்பதுதான். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் இதைச் சொல்வார். பெண் பார்க்கப் போன என்னிடமும் முதல் வார்த்தையாக இதைத்தான் சொன்னார்.

"என் மகனுக்குக் காய் வாங்கத் தெரியாது தம்பி. சூம்பிப்போனதாப் பாத்துத் தூக்கிட்டு வருவான். நாளைக்கு நான் போயிட்டா எனக்குப் படைக்கிற இலையில என்ன விழப்போகுதோ!"

நான் மரியாதையாகத் தலையாட்டினேன். அதோடு அந்தப் பேச்சை மறந்தேன். மறந்திருக்கக் கூடாது.

பெண்ணின் பெயர் கோமதி. வந்து நமஸ்காரம் செய்தாள். சொர்ணத்தம்மாள் பாடச் சொன்னாள். கோமதி பாடவில்லை. முற்றத்தில் தொங்கிய கூண்டை ஒரு தரம் பார்த்துவிட்டு, என்னிடம் நேராகக் கேட்டாள்:

"கிளிக்கு என்ன குடுக்கணும்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

பெண் பார்க்கிற இடத்தில் பெண் கேள்வி கேட்பது அந்தக் காலத்தில் வழக்கமில்லை.

"இவ ஒருத்தி!" என்றாள் சொர்ணத்தம்மாள். "பாடச் சொன்னா கிளியப் பத்திக் கேக்குறா. தம்பி, நீங்க ஒண்ணும் நினைச்சுக்காதீங்க. அவ மாமன் கொழும்புல இருந்து ரெண்டு சின்னக் கிளி கொண்டாந்து குடுத்தாரு. அதுகளுக்கு ஒடம்புக்கு முடியல. அந்தக் கவலை இவளுக்கு."

எழுந்து போய்ப் பார்த்தேன். மாமரத்துக் கிளிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவை கிளிக்குஞ்சுகள் போலத் தெரிந்தன. இரண்டும் சேர்ந்து ஒரு உள்ளங்கையில் அடங்கிவிடும். ஒன்று இறகை உப்பிக்கொண்டு, எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டையாக உட்கார்ந்திருந்தது. கூண்டுக்குள் கிண்ணத்தில் பூந்தி. வருகிறவர்கள் எல்லாம் ஆசையாக இனிப்பு போட்டிருக்கிறார்கள். கீழே உதிர்ந்த இறகு.

"விசாரிச்சு, சரியானதாக் கொண்டு வாரேன்" என்றேன் கோமதியிடம். வாழ்க்கையில் அவ்வளவு கம்பீரமாக நான் வேறெதையும் சொன்னதில்லை.

வெளியே வரும்போது சொர்ணத்தம்மாள் அண்ணனிடம் கிசுகிசுப்பது காதில் விழுந்தது. (கிசுகிசு என்பது என் மரியாதை. தெருவுக்கே கேட்டது.)

"அண்ணே, மேலூர்க்காரக ரைஸ் மில்லு வச்சிருக்காக. மாப்பிள்ளை சைக்கிள் வச்சிருக்காரு. இந்தத் தம்பிகிட்ட என்ன இருக்கு? குடைதானே இருக்கு?"

சங்கரமூர்த்தி செருமினார். அதிசயமாக, அதற்குப் பிறகு பேசவும் செய்தார். "வெள்ளிக்கிழமை இவுகளோட வெத்தலை பாக்கு மாத்துறதாப் பேசியிருக்கு. அதுல ஏதாவது தடங்கல் வந்தா மேலூருக்குச் சொல்லி விடுவோம்."

ஆக, எனக்கும் மேலூர் ரைஸ் மில்லுக்கும் நடுவே நின்றது ஒரு வெள்ளிக்கிழமை. என் பக்கத்தில் இருந்தவை ஒரு குடையும் ஒரு வாக்கும். குடையால் பெண் கிடைக்காது. வாக்கைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்தேன். அன்றிரவே மெஸ் அறையில் உட்கார்ந்து, உலகத்தில் உள்ள காய்கறிகளை எல்லாம் மனத்தில் வரிசையாக நிறுத்தி, கிளியின் கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன்.

முட்டைக்கோசு, காரட், பீட்ரூட் ஆகிய இங்கிலீஷ் காய்களை முதலில் தள்ளினேன். கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கி மதுரைக்கு வந்து சேர்வதற்குள் வாடிவிடுகின்றன. தண்ணீரைத் தெளித்து அவற்றைப் புதுசு போலக் காட்டுகிறார்கள். புதிதாகப் பறித்தது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாத எதையும் நோயாளிக்குக் கொடுக்கக் கூடாது. தக்காளி புளிப்பு. வெங்காயம் வாடை. கத்திரிக்காய் அரிப்பு. முருங்கைக்காயின் நார் சின்னத் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். முள்ளங்கி வாயு. சுரைக்காயில் வெறும் தண்ணீர். கிளிக்கு வாயுத் தொல்லை உண்டா என்று சந்தேகம் வந்தது. மறுநாள் மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டரைப் போய்ப் பார்த்தேன்.

"கிளியா?" என்றார் அவர், ஒரு காளையின் வாலுக்குப் பின்னாலிருந்து. "நமக்கு மாடுதான் தெரியும். மாட்டுக்கு அகத்திக்கீரை நல்லது. கிளி மாட்டை விடச் சின்னதுதானே? அப்ப இன்னும் நல்லது."

இந்தத் தர்க்கத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன். கோபுர வாசலில் சீட்டு எடுக்கிற கிளியை வைத்திருந்த ஜோசியர், தம் கிளி பாகற்காய் விதைக்கு உயிரையே விடும் என்றார். அவர் கிளி வாட்டசாட்டமாக இருந்தது. குறித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சிம்மக்கல் பக்கத்துக் காய்க்கடைகளுக்குப் போனேன். ஒரு அம்மாள் அப்போதுதான் சாக்கு விரித்து வண்டியிலிருந்து இறங்கிய காய்களைக் குவித்துக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கத் தொடங்கினேன். அந்தக் காலத்தில் என்னைப் போலக் காய் வாங்கியவன் மதுரையில் இருந்திருக்க மாட்டான். கொத்தவரங்காயைக் காதருகே வைத்து ஒடித்தேன். 'டக்' என்று சத்தம் வராததை ஒதுக்கினேன். பாகற்காயில் முள் மழுங்காததாக, மஞ்சள் பாயாததாக எடுத்தேன். புடலங்காயை வெயிலுக்கு நேரே பிடித்துப் பூச்சித் துளை பார்த்தேன். வாழைக்காயின் காம்பைக் கிள்ளிப் பால் வடிகிறதா என்று பார்த்தேன். சர்க்கரைவள்ளிக்கிழங்கை நகத்தால் கீறினேன்.

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பொறுத்தாள்.

"முருங்கக்கா வச்சிருக்கேன் சாமி. இப்ப ஒடிச்சது."

"வேண்டாம்மா. அது ஆகாது."

"கத்திரிக்கா?"

"அதுவும் ஆகாது."

"முள்ளங்கி?"

"ஆகவே ஆகாது."

அவள் கை நின்றது. என் கூடையை எட்டிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "அப்ப அதுக்கு வாங்க வந்திருக்கீக. மொதல்லயே சொல்லப்படாதா?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கிளி என்ற வார்த்தை என் வாயிலிருந்து வரவே இல்லை; காய்களைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாளே! என் தேர்வு சரி என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

"எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"கூடையப் பாத்தாத் தெரியாதா? எம்புட்டுப் பேருக்குக் குடுத்திருக்கேன்!" என்றாள். பிறகு இரக்கமாக, "பெரியவுகளா?" என்றாள்.

"இல்லம்மா. ரொம்பச் சின்னது. ரெண்டு."

"ரெண்டா!" பக்கத்துக் கடைக்காரியைத் திரும்பிப் பார்த்தாள். அவள் மார்பில் கை வைத்துக்கொண்டாள். "பாவி மகனே, ரெண்டுமா?"

"எல்லாரும் ஆசையா இனிப்பாக் குடுத்தே கெடுத்துட்டாங்க" என்றேன்.

காய்க்கார அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கிளிகளிடம் இவ்வளவு பாசமா என்று நான் நெகிழ்ந்துபோனேன். அகத்திக்கீரைக் கட்டு ஒன்றை எடுத்து, காசு வேண்டாம் என்று சொல்லி, அவளே கூடையில் வைத்தாள். நான் எழுந்தபோது கேட்டாள்:

"எள்ளு வாங்கலையா?"

"எள்ளுமா வேணும்?"

"நல்லாக் கேட்டீக! எள்ளு இல்லாம எப்புடி?"

நினைத்துப் பார்த்தேன். எள்ளில் எண்ணெய் இருக்கிறது. எண்ணெய் இறகுக்கு நல்லது. இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று வெட்கப்பட்டு, எதிர்க்கடையில் கறுப்பு எள் ஒரு பொட்டலமும், கூடவே கொறிக்கப் பச்சரிசி ஒரு பொட்டலமும் வாங்கி, கூடையின் நடுவில் வைத்தேன்.

இதைப் படிக்கிறவர்களில் திவசம் கொடுத்துப் பழகியவர்கள் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். வாழைக்காய், பாகற்காய், புடலங்காய், கொத்தவரங்காய், அகத்திக்கீரை, எள், பச்சரிசி. இறந்தவர்களுக்குப் படைக்கவும் புரோகிதருக்குத் தானம் கொடுக்கவும் எங்கள் ஜனங்கள் வாங்குகிற கூடை அதுதான். சேர்த்ததும் அப்படியே, தள்ளியதும் அப்படியே. கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டு வாசற்படியை அந்தக் கூடை மிதிக்கக் கூடாது.

எனக்கு ஏன் தெரியவில்லை? என் அப்பா உயிரோடு இருந்தார்; அதனால் நான் திவசம் கொடுத்ததில்லை. தாத்தாவின் திவசத்தைப் பெரியப்பா வீட்டில் செய்வார்கள்; நான் இலை போட்ட பிறகு போவேன். பொரியலாகவும் கூட்டாகவும்தான் அந்தக் காய்களோடு எனக்கு அறிமுகம். ஒவ்வொரு காயையும் அன்று தனித்தனியாகத் துருவிப் பார்த்தேனே தவிர, கூடை மொத்தத்தையும் ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை.

குழாயடியில் காய்களைக் கழுவித் துடைத்துக்கொண்டு குதிரை வண்டி பிடித்தேன். வண்டிக்காரர் கூடையைப் பார்த்தார்.

"ஆத்துப் படித்துறைக்குங்களா?"

"இல்லண்ணே. வடக்கு மாசி வீதி."

"வீட்லயேவா? அதுவும் சரிதான்" என்றார். வழக்கமாகச் சாட்டைக் கம்பைச் சக்கரத்தில் கொடுத்துக் கடகடவென்று சத்தம் எழுப்பிக்கொண்டு போகிற அந்த மனிதர், அன்று ஊர்வலம் போகிறவர் போல மெல்ல ஓட்டினார். காய் அடிபடாமல் இருக்கத்தான் என்று நினைத்து அவருக்கும் மனத்துக்குள் நன்றி சொன்னேன்.

என் அப்பாவும் அம்மாவும் சோழவந்தானிலிருந்து ரயிலில் நேராக வந்திருந்தார்கள். அப்பா கொடிக்காலில் தாமே பறித்த வெற்றிலைக் கட்டைத் தாம்பாளத்தில் வைத்துக் காத்துக்கொண்டிருந்தார். பழம், பூ, தேங்காய் எல்லாம் வரிசையாக இருந்தன. நான் என் கூடையையும் அந்த வரிசையில், வெற்றிலைக்குப் பக்கத்தில், விளிம்பு நேராக இருக்கும்படி வைத்தேன். மேலே ஈரத் துணி போட்டிருந்தது.

"அதென்ன தம்பி, தனியா?" என்றாள் சொர்ணத்தம்மாள். "பழமா?"

"பாருங்க அத்தை" என்றேன். (அத்தை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கடைசித் தடவையாக இருந்திருக்க வேண்டியது.)

அவள் துணியை எடுத்தாள். ஒரு வாழைக்காயைத் தூக்கினாள். கீழே வைத்தாள். ஒரு பாகற்காயைத் தூக்கினாள். கோர்ட்டில் சாட்சிப் பொருளைக் காட்டுகிற மாதிரி எல்லோருக்கும் காட்டினாள். பிறகு கீரை. பிறகு பொட்டலத்தைப் பிரித்தாள். எள்.

என் அம்மா "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா வெற்றிலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"யாருக்கு?" என்றாள் சொர்ணத்தம்மாள். குரல் அவளுடையதாக இல்லை.

விஷயம் இன்னும் விளங்காத ஒரே ஆள் நான்தான். "கிளிக்கு" என்றேன் சிரித்துக்கொண்டு.

"கிளிக்குத் தெவசமா!"

உள்ளேயிருந்து 'வீல்' என்று ஒரு சத்தம். பட்டுப்புடவையும் பாதி வைத்த பூவுமாகக் கோமதி அறையிலிருந்து பாய்ந்து, அழுதுகொண்டே முற்றத்துக்கு ஓடினாள். கூண்டைக் கழற்றித் தூக்கிக்கொண்டு அதே வேகத்தில் கூடத்துக்குத் திரும்பினாள்.

"உசுரோடதான் இருக்கு! ரெண்டும் உசுரோடதான் இருக்கு! எதுக்கு அத்தை இப்படிப் பேசுறீங்க?"

சரியாக இந்த நேரத்தில் புரோகிதர் உள்ளே வந்தார். நிச்சயத்துக்குப் பத்திரிகை எழுத வரச் சொல்லியிருந்தார்கள். பாவம், அன்று அவருக்கு நாலைந்து வீடு. எந்த வீட்டில் என்ன என்று வாசலில் நின்று யோசித்திருப்பார் போல. கூடையைப் பார்த்தார். அழுகிற பெண்ணைப் பார்த்தார். சந்தேகம் தீர்ந்து, தெற்கே பார்த்து உட்காருங்கள் என்று சங்கரமூர்த்திக்குக் கை காட்டி, தர்ப்பைக் கட்டை அவிழ்த்தார்.

"யாருக்கோ அவா பேரைச் சொல்லுங்கோ. அப்புறம் அவாளுக்கு மேல ரெண்டு தலைமுறை."

சங்கரமூர்த்தி செருமினார்.

இதுவரை நடந்ததில் ஒரு வார்த்தைகூடப் பெரியவர் காதில் விழவில்லை. ஆனால் அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். காய்க் கூடை, எள், தர்ப்பை, அழுகிற பேத்தி, தெற்கே திரும்பி நிற்கிற மகன். சாய்வு நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு அவர் எழுந்தார். அவர் தானாக எழுந்து அந்த வீட்டார் பார்த்துப் பல வருஷமாகியிருந்ததாம்.

"டேய் சங்கரா! நான் இன்னும் இருக்கேன்டா!"

"ஐயா, அது ஒங்களுக்கு இல்ல…" என்று கத்தினாள் சொர்ணத்தம்மாள்.

"நாள் முந்திப் பண்ணிட்டா செலவு கொறையும்னு பாக்குறியா? எனக்குத் தெரியாம என்னை அனுப்பிட்டீகளா?"

"கிளிக்கு ஐயா! கிளிக்கு!" அவர் அவள் உதட்டசைவைப் பார்த்தார்.

"கிழவனுக்குன்னு என் மூஞ்சிக்கு நேராவே சொல்லுறா பாரு!"

புரோகிதர் குழம்பிவிட்டார். காரியம் நடக்காது என்று மட்டும் அவருக்குப் புரிந்தது. ஆனாலும் தானத்துக்கு வந்த காய் தனக்குச் சேர வேண்டியது என்ற வழக்கப்படி கூடையைத் தம் பக்கம் இழுத்தார். என் மூளை அன்று பிடித்திருந்தது ஒரே ஒரு விஷயத்தை: இது கிளிக்கு வாக்குக் கொடுத்த காய். நான் கூடையின் மறுபக்கக் காதைப் பிடித்தேன்.

"சாமி, விடுங்க. இது வேற."

"என்னத்தய்யா வேற? நான் பார்க்காத கூடையா?"

அவர் இழுத்தார். நான் இழுத்தேன். கூடை பிய்ந்தது. புடலங்காய் அப்பாவின் தாம்பாளத்தைத் தாண்டிப் போயிற்று. கிழங்குகள் உருண்டன. எள் மழையாகக் கொட்டி வெற்றிலை மேல் படர்ந்தது. ஒரு வாழைக்காய் மெதுவாக உருண்டு, பெரியவரின் கால் கட்டைவிரலில் போய் முட்டி நின்றது.

என் அம்மா வெற்றிலையிலிருந்து எள்ளைத் தட்டிவிட்டு, கட்டைத் திரும்பவும் துணியில் முடிய ஆரம்பித்தாள். புறப்படுவதற்கு அடையாளம் அது.

"மேலூர்க்காரக வந்தப்ப அன்னாசிப்பழம் கொண்டாந்தாக" என்றாள் சொர்ணத்தம்மாள், உத்தரத்தைப் பார்த்து. "நான் வேற ஒண்ணும் சொல்லல."

சங்கரமூர்த்தி தொண்டையைச் செருமினார். இந்தத் தடவை பேசப்போகிறார் என்று தெரிந்தது. என்ன பேசப்போகிறார் என்றும் தெரிந்தது. கோமதியைப் பார்த்தேன். கூண்டை மார்போடு அணைத்துக்கொண்டு, மூக்கு சிவந்து, தரையில் கிடந்த பாகற்காயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது பெரியவர் குனிந்தார். வாழைக்காயை எடுத்தார். கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். காம்பைப் பார்த்தார். விரலால் தட்டினார். பிறகு கையை நீட்டி, "அதைக் குடு" என்று பாகற்காயைக் கேட்டு வாங்கினார். முள்ளைத் தடவினார். ஒரு கொத்தவரங்காயைக் காதருகே வைத்து ஒடித்தார். (கேட்காத காது. ஆனாலும் முறை அதுதான்.)

"சங்கரா."

"ஐயா."

"இதை நீயா வாங்கின?"

சங்கரமூர்த்தி என்னைக் காட்டினார்.

பெரியவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். வாழைக்காயைப் பார்த்த அதே பார்வை. "ஒரு சொத்தை இல்ல. ஒரு முத்தல் இல்ல. கொத்தவரை ஒண்ணொண்ணும் ஒடிபடுது. என் அப்பன் தெவசத்துக்குக்கூட நான் இப்படி வாங்குனதில்ல" என்றார். நாற்காலியில் திரும்பவும் சாய்ந்தார். கோபம் போன இடம் தெரியவில்லை. முகத்தில் ஒரு நிம்மதி.

"மேலூர்க்காரனுக்கு மில்லு இருக்கலாம். இம்புட்டு அழகாக் காய் வாங்குவானா? நான் போனா எனக்கு இவன்தான் காய் வாங்கணும். தட்டை மாத்துங்க."

"ஐயா, எள்ளு கொட்டியிருக்கு…" என்றாள் சொர்ணத்தம்மாள். அவர் காதில் விழவில்லை. விழாதது நல்லதாயிற்று.

சங்கரமூர்த்தி, பேச எடுத்த மூச்சை அப்படியே விட்டுவிட்டு, என் அப்பாவைப் பார்த்தார். அப்பா என் அம்மாவைப் பார்த்தார். அம்மா முடிச்சை அவிழ்த்தாள்.

கோமதி மட்டும் இன்னும் அசையவில்லை. "பாகக்காயைக் கழுவினீங்களா?" என்றாள்.

"கழுவித் துணியால துடைச்சேன்."

அவள் பெரியவர் கையிலிருந்து அதை வாங்கிப் பிளந்து, கூண்டுக் கம்பிக்கு நடுவே நீட்டினாள். எலுமிச்சம்பழம் மாதிரி உட்கார்ந்திருந்த கிளி ஒரு கண்ணைத் திறந்தது. தலையைச் சாய்த்தது. ஒரு விதையைப் பிடுங்கியது. இன்னொன்று அதை இடித்துத் தள்ளிவிட்டு வந்தது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும், தர்ப்பைக் கட்டும் கையுமாகப் புரோகிதரும், கிளி பாகற்காய் தின்பதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"திங்குது" என்றாள் கோமதி. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

தரையைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, வடக்கே பார்த்து உட்கார்ந்து, தட்டு மாற்றிக்கொண்டோம். புரோகிதர் தம் பங்காகக் கிழங்குகளையும் புடலங்காயையும் எடுத்துக்கொண்டார். பாகற்காயைக் கிளிகளுக்கு விட்டுக்கொடுத்தார். அன்றைய டைரியில் நான் எழுதியிருப்பது ஒரே வரி: 'காய்கள் நன்றாக இருந்தன.'

கிளிகள் பிழைத்தன. பூந்தி நின்றது, கீரையும் பாகற்காயும் பிஞ்சுக் கொத்தவரையும் நாள் தவறாமல் கூண்டுக்குப் போயின. பெரியவரும் நாங்கள் எல்லோரும் எதிர்பார்த்ததைவிட நெடுங்காலம் இருந்தார். ஒவ்வொரு தடவை நான் அந்த வீட்டுக்குப் போகும்போதும், நாற்காலியிலிருந்து உரக்கக் கேட்பார்: "என்ன மாப்ள, எனக்குக் காய் வாங்கியாச்சா?" நானும் "இன்னும் இல்ல தாத்தா" என்று சைகை காட்டுவேன். "அவசரமில்ல, அவசரமில்ல" என்பார். அந்தக் கவலை தீர்ந்துபோனதால்தான் அவர் அத்தனை காலம் இருந்தார் என்பது என் மனைவியின் கட்சி.

யுத்த காலத்தில் ஒரு மார்கழியில் அவர் தூக்கத்திலேயே போனார். வருஷம் திரும்பியதும் வந்த முதல் திவசத்துக்கு நான்தான் சிம்மக்கல் போய்க் காய் வாங்கினேன். நல்ல காய் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த நாட்கள். ஆனாலும் விடவில்லை; கொத்தவரங்காயைக் காதருகே வைத்துத்தான் ஒடித்தேன். சமையல் ஆயிற்று. வழக்கப்படி முதல் சோற்றைக் காக்கைக்கு வைக்க மொட்டை மாடிக்குப் போனோம். பெரியவர் காக்கையாக வந்து தொட்ட பிறகுதான் நாங்கள் சாப்பிடலாம்.

காக்கை வரவில்லை. சங்கரமூர்த்தி கூப்பிட்டார். நான் கூப்பிட்டேன். வெயில் ஏறியது. பக்கத்து வீட்டுக் கைப்பிடிச் சுவரில் ஒரு காக்கை உட்கார்ந்து எங்களைப் பார்த்துவிட்டு, ஒரு சம்பந்தமும் இல்லாதது போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

"எப்படி வரும்?" என்றாள் சொர்ணத்தம்மாள், பசியில். "ஐயாவுக்குன்னு இந்த வீட்டுக்கு மொதமொத வந்த காயே கிளிக்குன்னு வாங்குனதுதானே. அவருக்கு அந்த ஞாபகம் இருக்கும்ல?"

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் யோசித்தார்கள். கோமதி கீழே போய்க் கூண்டைக் கொண்டுவந்து, இலைக்குப் பக்கத்தில் வைத்து, கதவைத் திறந்தாள். வயதான அந்தச் சின்னக் கிளிகளில் ஒன்று தத்தித் தத்தி வெளியே வந்தது. சோற்றைத் தாண்டியது. வடையைத் தாண்டியது. பாகற்காய்ப் பொரியலில் ஒரு துண்டைத் தூக்கி, காலில் பிடித்துக்கொண்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"அப்படியே ஐயா பாக்குற மாதிரி!" என்று சொர்ணத்தம்மாள் அழுதாள்.

கிளி தின்றது. நாங்கள் கீழே போய்ச் சாப்பிட்டோம்.

அந்தக் கிளிகள் இப்போது இல்லை. அவற்றின் இடத்தில் வேறு இரண்டு வந்துவிட்டன. மார்கழியில் அந்த நாள் வந்தால் மதுரையில் மற்ற வீடுகளில் காக்கையைக் கூப்பிடுகிறார்கள். எங்கள் வீட்டில் மட்டும் சொர்ணத்தம்மாள் மாடிப்படியில் நின்றுகொண்டு, தெருவுக்கே கேட்கும்படி கிசுகிசுப்பாள்: "மாப்ள, கூண்டைத் தெறந்து விடுங்க. ஐயாவுக்குப் பசிக்கும்."